ஆயிரம் அசிஸ்ட் கொடுத்த கைகள் கோலாலம்பூருக்கு வந்தபோது

2016 மார்ச்சில் கோலாலம்பூர் மாபா அரங்கில் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் அணி ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தைத் தூக்கியது. எதிரே சிங்கப்பூர் சிலிங்கர்ஸ். ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்த இறுதிச் சுற்று 3-2 என்று முடிந்தது. மலேசியக் கூடைப்பந்துக்கு அது பெரிய நாள். அந்த அணியின் வெற்றிக்குத் தோள் கொடுத்த நால்வரைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்: ஜேசன் பிரிக்மன், மேத்யூ ரைட், ரெஜி ஜான்சன், கால்வின் காட்ஃப்ரி. நால்வரும் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடி முடித்தவர்கள். நால்வரையும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள், புதிய ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வு நாளில் பெயர் சொல்லி அழைக்கவில்லை.

இதைச் சிகாமட்டில் இருந்துகொண்டு ஏன் எழுத வேண்டும்? இந்த ஊரில் துங்கு அப்துல் ரஹ்மான் நிர்வாக, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஜொகூர் கிளை இருக்கிறது. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகமும் இருக்கிறது. சீனப்பள்ளித் திடல்களில் வெயில் தாழ்ந்ததும் பந்து தட்டும் சத்தம் கேட்காத நாள் குறைவு. அங்கே ஆடும் பிள்ளைகளில் நம் பிள்ளைகளும் சிலர் உண்டு. காற்பந்துக்குப் போனவர்கள் போக, உயரமாக வளர்ந்துவிட்டதால் ஆசிரியர் பிடித்து இழுத்துவந்து நிறுத்தியவர்கள், வகுப்புத் தோழனோடு சேர்ந்து வந்தவர்கள். பள்ளி முடிந்து கல்லூரி வரை ஆடுகிறார்கள். அதன் பிறகு வீட்டில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இத வெச்சு சோறு திங்க முடியுமா?” கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, கல்லூரி ஆட்டத்தை உலகிலேயே பெரிய அளவில் நடத்தும் நாட்டின் பிள்ளைகள் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று பார்ப்பதே நல்ல வழி.

அமெரிக்காவில் முதல் நிலைக் கல்லூரி அணிகள் மட்டும் 350-க்கும் மேல். அணிக்குப் பதின்மூன்று உதவித்தொகை இடங்கள் என்று நெடுங்காலம் இருந்த கணக்கை வைத்துப் பார்த்தாலே 4,500 பேருக்கு மேல் வருகிறது. அதில் ஆண்டுதோறும் ஆயிரம் பேருக்குக் குறையாமல் படிப்பை முடித்து வெளியே வருகிறார்கள். என்பிஏ தேர்வில் இரண்டு சுற்றும் சேர்த்து அறுபது இடம். அதிலும் ஒரு பங்கை ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் இளைஞர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் சொந்தக் கணக்கே, தேர்வுக்குத் தகுதியான ஆண்களில் நூற்றுக்கு ஒருவர் சொச்சம்தான் அழைக்கப்படுகிறார் என்கிறது. மீதிப் பேர் ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் ஜப்பானுக்கும் தைவானுக்கும் மணிலாவுக்கும் கோலாலம்பூருக்கும் பெட்டி கட்டுகிறார்கள். ஆகவே கல்லூரி ஆட்டக்காரரின் தொழில் வாழ்க்கையை என்பிஏவை வைத்து அளப்பது தவறான அளவுகோல். எந்தத் திறமை எல்லை தாண்டியும் செல்லுபடியாகிறது என்பதே நான் பார்க்கும் கணக்கு.

செல்லுபடியாகும் இடம் மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு ஜிம்மர் ஃப்ரெடெட்டை விட்டால் வேறு ஆள் இல்லை. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2010-11 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 28.9 புள்ளி, நாட்டிலேயே முதலிடம், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 2011 தேர்வில் பத்தாவது ஆளாக அழைக்கப்பட்டார். என்பிஏவில் அவரால் நிலைக்க முடியவில்லை. கல்லூரியில் அவருக்காகவே வகுக்கப்பட்ட ஆட்டம் அங்கே இல்லை. பந்து கையில் இல்லாத நேரத்தில் தன்னைவிட வேகமானவனைத் தடுக்கும் கால்களும் இல்லை. 2016-ல் சீனாவின் ஷாங்ஹாய் ஷார்க்ஸுக்குப் போனார். 2017 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 73 புள்ளி. பந்தை மறுபடியும் முழுக்க அவர் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான். அவருடைய கை எங்கேயும் பழுதாகிவிடவில்லை.

இனி டிராகன்ஸ்.

பிரிக்மன் 178 சென்டிமீட்டர் உயரம். டெக்சஸில் வளர்ந்தவர், பிலிப்பினோ வம்சாவளி. நியூயார்க்கின் புரூக்ளினில் லாங் ஐலண்ட் பல்கலைக்கழகத்துக்காக 2010 முதல் 2014 வரை ஆடினார். 2011, 2012, 2013 மூன்று ஆண்டும் அந்தச் சிறிய கல்லூரி தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குப் பத்து அசிஸ்ட் என்று நாட்டிலேயே முதலிடம் பிடித்தார். நான்கு ஆண்டில் மொத்தம் 1,009. தோழன் புள்ளி போடுவதற்கு நேராக வழிவிடும் பாஸைத்தான் அசிஸ்ட் என்று எண்ணுகிறோம். முதல் நிலைக் கல்லூரி வரலாற்றில் ஆயிரத்தைத் தாண்டிய நான்காவது ஆள் அவர். அவருக்கு முன்னால் பாபி ஹர்லி, கிறிஸ் கார்ச்சியானி, எட் கோட்டா மூவரே இருந்தார்கள்.

இப்படி ஒருவரை ஏன் யாரும் எடுக்கவில்லை? என்பிஏவில் எதிராளி அவரைத் தேடிப்பிடித்து அவர் தலைக்கு மேலேயே எறிவான். தற்காப்பில் ஒளித்துவைக்க முடியாத உயரம் அது. ஆனால் ஆசியான் லீக்கில் எதிரே நின்ற, பந்தை நடத்தும் கார்டுகள் பலரும் அவர் உயரத்தவர்கள். குறை மறைந்துவிட்டது, பார்வை மட்டும் மிச்சமானது. அதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று: அவர் படித்த காலத்தில் அமெரிக்க ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் ஒரு தாக்குதலுக்கு 35 வினாடி. உலகக் கூடைப்பந்து சம்மேளன விதியில் 24 வினாடி. பதினொரு வினாடி குறைகிறது. பந்தைத் தட்டிக்கொண்டே யோசிக்கும் கார்டுகள் பலர் இந்த மாற்றத்தில் திணறிப்போவார்கள். பிரிக்மனுக்கு அது தொந்தரவாகவே இல்லை, ஏனென்றால் அவர் முடிவெடுப்பது பந்து கைக்கு வருவதற்கு முன்பே.

அந்த முடிவுகளுக்கு மறுமுனையில் ஆள் வேண்டுமே. ஒருபக்கம் ரெஜி ஜான்சன்: மயாமி பல்கலைக்கழகத்தின் ஆறடி பத்து அங்குல சென்டர், கனத்த உடல். 2013-ல் மயாமி தன் வட்டாரப் பட்டத்தை வென்ற பருவம் அவருடைய கடைசி ஆண்டு. அதே மார்ச்சில் தேசியப் போட்டியில் மார்க்வெட்டிடம் மயாமி தோற்ற ஆட்டத்தில் முழங்கால் காயத்தால் அவர் களமிறங்கவில்லை. காயமும் எடையும் சேர்ந்து அவரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து தள்ளிவிட்டன. என்பிஏவில் தடுப்பாட்டக்காரர் யாரையும் காக்காமல் வளையத்தடியில் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக்கூடாது. 2001-லிருந்து அந்த விதி. உலகச் சம்மேளன விதியில் அந்தத் தடையே இல்லை. வளையத்தின் மேல் பட்ட பந்தை அங்கேயே தட்டிவிடவும் அனுமதி உண்டு. வேகமில்லாத, அகன்ற, உயர்ந்த ஒருவருக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய சலுகை என்று யோசித்துப் பாருங்கள்.

மறுபக்கம் மேத்யூ ரைட். கனடாவில் வளர்ந்த பிலிப்பினோ வம்சாவளியினர், செயின்ட் பொனவென்ச்சர் பல்கலைக்கழகத்தின் மூன்று புள்ளிக்காரர். அக்காலக் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 6.32 மீட்டரில் இருந்தது, இங்கே 6.75. நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் பின்னால் போய் நின்று அதே கையசைவோடு எறிய வேண்டும். ஜான்சன் மேலே வந்து பிரிக்மனின் காவலாளியை மறித்து நிற்பார். மறித்த கையோடு வளையத்தை நோக்கி உருளுவார். எதிரணி உள்ளே குவியும். குவியாவிட்டால் பந்து ஜான்சனுக்கு, குவிந்தால் ஓரத்தில் காத்திருக்கும் ரைட்டுக்கு. சதர்ன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த காட்ஃப்ரி துள்ளும் பந்துகளைப் பொறுக்கி எடுப்பார். பயிற்றுநர் ஏரியல் வான்குவார்டியா இந்த எளிய ஆட்டத்தைச் சிக்கலாக்காமல் விட்டதே அவருடைய பெரிய கெட்டிக்காரத்தனம் என்பேன்.

அதற்குப் பிறகு? ரைட் பிலிப்பைன்ஸ் தொழில்முறை லீக்கில் ஃபீனிக்ஸ் அணிக்குப் போனார், அந்நாட்டுத் தேசிய அணிக்கும் ஆடினார், பிறகு ஜப்பானில் கியோத்தோ, கவாசாகி. பிரிக்மன் தாய்லாந்தின் ஹைடெக், மோனோ வேம்பயர், பிறகு பிலிப்பைன்ஸின் ஆலாப், தைவானின் காவ்சியூங். 2018-ல் மோனோ வேம்பயர் ஆசியான் லீக் இறுதிச் சுற்றில் ஆலாப் அணியிடம் 2-3 என்று தோற்றது. அடுத்த சில பருவங்களில் அதே ஆலாப் சட்டையை அவர் போட்டுக்கொண்டார். பெயர் பெற்ற நட்சத்திரங்கள் என்று இவர்களை அமெரிக்காவில் யாரும் சொல்ல மாட்டார்கள். முப்பதைத் தாண்டியும் ஆடி ஊதியம் வாங்கியவர்கள். என் கண்ணுக்கு அது வெற்றிகரமான தொழில் வாழ்க்கை.

இந்திய வம்சாவளிப் பெயர் ஒன்றும் இதே கணக்கில் வருகிறது. கனடாவில் பிறந்த பஞ்சாபிப் பிள்ளை சிம் புல்லர், ஏழடி ஐந்து அங்குலம். நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை இரண்டு முறை தேசியப் போட்டிக்குக் கொண்டுபோனவர். 2015 ஏப்ரலில் சாக்ரமெண்டோ கிங்ஸ் பத்து நாள் ஒப்பந்தத்தில் எடுத்தது. இந்திய வம்சாவளியில் முதல் என்பிஏ ஆட்டக்காரர் ஆனார். மூன்று ஆட்டம், இரண்டு புள்ளி, அதோடு முடிந்தது. அப்போது நம் ஊடகங்கள் அதைப் பெருமையாகப் போட்டுவிட்டு மறந்துவிட்டன. மறந்த பிறகுதான் அவருடைய உண்மையான வாழ்க்கை தொடங்கியது: தைவானின் டாசின் டைகர்ஸ், யூலோன், சின்சூ என்று ஆண்டுக்கணக்கில் வளையத்தடியை ஆண்டார். மேலே ஜான்சனுக்குச் சொன்ன அதே விதிகள் இவருக்கும் துணை நின்றன.

இவ்வளவு சொன்ன பிறகு என்னை உறுத்தும் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த 2016 அணியில் கூயெக் தியான் யுவான், ஊய் பான் சின் போன்ற நம் நாட்டு ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் வெளிநாட்டவர் இருவர், ஆசியான் வம்சாவளி இருவர் என்று நான்கு இடம் போன பிறகு, ஆட்டம் இறுகும் கடைசி நிமிடங்களில் உள்ளூர்க்காரருக்குக் களத்தில் எத்தனை இடம் மிஞ்சும்? ஒன்று. அந்த ஒருவருக்கும் பெரும்பாலும் ஓரத்தில் நிற்பதும் தடுப்பதுமே வேலை. கிண்ணம் வந்தது, அரங்கம் நிறைந்தது, பிள்ளைகள் ஆசையாகப் பார்த்தார்கள். பந்தைக் கையில் வைத்துக் கடைசி முடிவெடுக்கும் மலேசியன் அந்த ஏற்பாட்டில் உருவாக வழி இல்லை. 1985-ல் கோலாலம்பூரிலேயே நடந்த ஆசிய வெற்றியாளர் போட்டியில் மலேசியா நான்காம் இடம் பிடித்தது. பிலிப்பைன்ஸ், தென் கொரியா, சீனா மூன்றுக்கும் அடுத்து நாம். நம் ஆண்கள் அணி இன்று அந்த இடத்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. பெண்கள் 2017 சீ விளையாட்டில் தங்கம் வென்றார்கள். அவர்களுக்கு இதற்கு ஈடான கவனத்தை நாம் இன்னும் தரவில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

தமிழ்நாட்டில் வேறு வழி. அங்கே கல்லூரியில் நன்றாக ஆடியவரை ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, வருமான வரித்துறை போன்ற அணிகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கே எடுத்துக்கொள்கின்றன. காலையில் அலுவலகம், மாலையில் பயிற்சி, ஓய்வு பெறும் வரை சம்பளம். சென்னையின் அனிதா பால்துரை அந்த வழியின் உச்சம்: தெற்கு ரயில்வே ஊழியர், இளம் வயதிலேயே இந்திய அணித் தலைவி, 2013-ல் தோகாவில் மூன்றுக்கு மூன்று ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணிக்கும் தலைமை, குழந்தை பெற்ற பிறகும் மறுபடி களம், 2021-ல் பத்மஸ்ரீ. 2022-ல் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் பட்டம் வென்ற தமிழ்நாட்டு ஆண்கள் அணியும் இப்படி வேலையில் அமர்ந்த ஆட்டக்காரர்களை நம்பி நின்ற அணியே. இதில் பாதுகாப்பு உண்டு. ஆனால் வாரந்தோறும் கடுமையான ஆட்டம், நல்லா ஆடாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும் என்ற நெருக்கடி, இவை இல்லை. பிரிக்மனைப் போல் ஏழெட்டு அணிக்கு மாறி மாறித் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வாய்ப்பும் இல்லை. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், சிகாமட் வீட்டுத் தாய் தகப்பனுக்கு அனிதாவின் வழியைத்தான் நான் காட்டுவேன். ஆட்டத்தின் தரத்துக்குப் பிரிக்மனின் வழியை. இரண்டும் இங்கே பாதி பாதிகூட இல்லை என்பதே நிலைமை.

முழுக்க வெறுமை என்றும் சொல்ல முடியாது. மலேசியாவில் இப்போது உள்ளூர்த் தொழில்முறை லீக் ஓடுகிறது; நம் மாநிலத்துக்கு ஜொகூர் சதர்ன் டைகர்ஸ் இருக்கிறது. சிகாமட் வளாகத்தில் இன்று ஆடும் இருபது வயதுக்காரருக்கு அது கைக்கெட்டும் தூரம். ஆனால் அவர் என்ன கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதில்தான் நம் பயிற்சி தடுமாறுகிறது. மாவட்டப் போட்டிகளில் யார் அதிகப் புள்ளி என்று மட்டும் எழுதிவைக்கிறார்கள். அசிஸ்ட் எண்ணுவது அரிது. பந்தை எத்தனை முறை பறிகொடுத்தார் என்ற கணக்கும் பல ஆட்டங்களில் கிடையாது. பிரிக்மனின் 1,009 என்ற எண்ணே யாரோ ஒவ்வோர் ஆட்டத்திலும் மேசையில் உட்கார்ந்து கோடு போட்டு எழுதியதால் வந்தது. அந்த எண் இல்லாமல் அவரை, கோலாலம்பூருக்கு முன்பு அவர் ஆடிய மாஸ்கோவின் டைனமோ அணியோ கோலாலம்பூரோ தேடியிருக்குமா?

ஆகவே ஜொகூர் கூடைப்பந்துச் சங்கத்திடமும் இந்த ஊர் வளாகங்களிடமும் நான் கேட்பது செலவில்லாத காரியம். மாதம் ஒரு வார இறுதி, வளாக அணிகளும் ஊரில் பள்ளி முடித்த பிள்ளைகளும் சேர்ந்து ஆடட்டும். 24 வினாடிக் கடிகாரம் ஓடட்டும். மேசையில் இரண்டு மாணவர்கள் அமர்ந்து புள்ளி, அசிஸ்ட், துள்ளல், இழப்பு நான்கையும் எழுதட்டும். அந்தத் தாள்களை ஆண்டு முடிவில் ஜொகூர் பாருவுக்கு அனுப்பட்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு வரும் நம் பிள்ளைகளில் உயரமில்லாதவனுக்கும் அதில் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கும்.