பாமன்கடையில் வீடு: மண்ணா, மாடியா?

நெதர்லாந்தில் இருக்கும் உறவினர் ஒருவர் அங்கே ஒரு கிராமத்தில் வரிசை வீடு வாங்கிவிட்டாராம். இரண்டு பக்கமும் அயலவரோடு பொதுச்சுவர், பின்னுக்கு ஒரு துண்டு வளவு. அந்தக் காசுக்குக் கொழும்புப் பாமன்கடையில் என்ன வாங்கலாம் என்ற பேச்சு வெள்ளவத்தைக் கலியாண வீடுகளில் அடிக்கடி அடிபடும். வாங்கக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையை அண்டிய ஒழுங்கைகளில் நாலைந்து பேர்ச் காணியில் சுவரோடு சுவராக நிற்கும் மாடி வீடு. மற்றது தொடர்மாடியில் மூன்று அறை. பிள்ளை குட்டியோடு நிரந்தரமாக இருக்கப்போகும் குடும்பத்துக்கு எது நல்லது?

தொடர்மாடியின் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. 1983 ஜூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தனி வீடுகள் எரிந்ததைக் கண்டவர்களுக்கு, பலர் கூடியிருக்கும் கட்டடம் ஒரு தைரியம். வாசலில் காவலாளி, மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர், மாடிக்குப் போக லிப்ட். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனித்திருக்கும் தாய் தகப்பனுக்கு இவை சொகுசு அல்ல, தேவை. சட்டமும் அந்தப் பக்கமே தள்ளுகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரசைக்குக் காணியை விற்க முடியாது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் முக்கிய வழி, முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து அனுப்பித் தொடர்மாடி வீடு வாங்குவதுதான்.

ஆனால் வாங்குவது எதை? 20 பேர்ச் காணியில் 20 வீடுகள் எழுந்தால், சராசரியாக ஒருவர் பங்குக்கு வருவது ஒரு பேர்ச், அதாவது சுமார் 272 சதுர அடி நிலம். கொடுக்கும் விலையின் பெரும்பகுதி கொங்கிறீற்றுக்குப் போகிறது; கொங்கிறீற்று வயது போகப் போகத் தேயும். சில கட்டடங்களில் லிப்ட் வாசலருகே ஒரு தாள் ஒட்டியிருக்கும்: பராமரிப்புக் கட்டணம் கட்டாத வீடுகளின் இலக்கங்கள். வாங்க வருபவர் தரை ஓட்டைப் பார்க்குமுன் படிக்கவேண்டியது அந்தத் தாளைத்தான். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்து சொந்தக்காரர் கடல் கடந்திருந்தால் கூட்டத்துக்கு ஆள் சேராது, லிப்ட் மாற்றப் பணமும் சேராது. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டமும் அதன் திருத்தங்களும் உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு இடம் வைத்திருக்கின்றன. அது பெயருக்கு இருக்கிறதா, கணக்குக் காட்டுகிறதா என்பதே கேள்வி. நெதர்லாந்தில் 2018 முதல் தொடர்மாடிச் சங்கங்கள் நீண்டகாலப் பராமரிப்புத் திட்டத்தின்படியோ, அல்லது மீளக் கட்டும் செலவில் ஆண்டுக்கு 0.5 வீதமாவதோ ஒதுக்கியாகவேண்டும். இங்கே அந்த ஒழுக்கம் அயலவரின் மனசைப் பொறுத்தது.

ஒழுங்கை வீட்டின் பலம் இதற்கு நேர் எதிர். மண் உங்களுடையது. எப்போது வர்ணம் பூசுவது, எப்போது கூரை மாற்றுவது என்பதற்கு எவர் வாக்கும் வேண்டாம். அனுமதி கிடைத்தால் மேலே ஒரு மாடி எழுப்பி மகளுக்குக் கொடுக்கலாம். ஆபத்து உறுதியில் இருக்கிறது. நெதர்லாந்தில் நொத்தாரிசு உரித்தைச் சரிபார்த்து, பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருந்து, காணிப் பதிவேட்டில் பதிந்த பிறகே வீடு கைமாறும். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பின்பும் விலக மூன்று நாள் தவணை உண்டு. இங்கே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நொத்தாரிசையும் இரண்டு சாட்சிகளையும் கேட்கிறது, அவ்வளவுதான். காணிப் பதிவகத்தில் பதிவது முன்னுரிமை தருமே ஒழிய, உரித்தை நிரூபிக்காது. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டப்படி, வாங்கியவரை வேறொருவர் உரிமை பேசி எழுப்பினால் விற்றவர் பொறுப்பு. விற்றவர் ரொறன்ரோவில் இருந்தால் அந்தப் பொறுப்பை யாரிடம் போய்க் கேட்பது? அற்றோணித் தத்துவத்தில் விற்கும் காணிகள் இங்கே பல. தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அது செல்லாது என்பதை மறக்கக் கூடாது.

தண்ணீரும் ஒரு கணக்கு. பாமன்கடை கால்வாய்க் கரை ஊர். 2010 நவம்பரில் கொழும்பு மூழ்கியதை நினைவில் வைத்து, தாழ்ந்த ஒழுங்கை வீட்டை மழை நாளில் போய்ப் பார்க்கவேண்டும். இந்த ஒன்றில் தொடர்மாடிக்கே வெற்றி, வாகனம் நிலக்கீழ்த் தளத்தில் நிற்காதவரை.

தீர்ப்பு இதுதான். இலங்கைப் பிரசைகளாக, இருபது வருடம் இருக்க நினைக்கும் குடும்பத்துக்கு ஒழுங்கை வீடே மேல். ஆனால் 30 வருட உரித்துத் தேடலும், புதிய நில அளவை வரைபடமும், மாநகர சபையின் தெரு எல்லைக் கோட்டுச் சான்றும், சோலைவரி நிலுவையில்லாச் சான்றும் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாம். வயோதிபருக்கும் வெளிநாட்டுப் பிரசைக்கும் தொடர்மாடிதான் பொருத்தம். அதுவும் கட்டி முடிந்து, இணக்கச் சான்றிதழ் பெற்று, தொடர்மாடி வரைபடம் பதிவாகி, வீட்டுக்குத் தனி உறுதி எழுதக்கூடிய நிலையில் இருந்தால் மட்டும். வரைபடத்தைக் காட்டித் தவணையில் விற்கும் வீடு எவருக்கும் வேண்டாம். விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதையும் நொத்தாரிசுச் செலவையும் சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டே பேரம் பேசுங்கள்.