சேர்க்கையும் குவியலும்: ‘மஜிக்’ அட்டை விளையாட்டின் போராற்றல்கள் பற்றிய ஒரு நோக்கு

கணிதவியலாளரான றிச்சட் காஃபீல்ட் ஆக்கி, 1993 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ற் நிறுவனம் வெளியிட்ட ‘மஜிக்: த கதறிங்’ என்னும் அட்டை விளையாட்டு, மந்திரவாதிகளுக்கிடையிலான போராகக் கற்பனை செய்யப்பட்டது. ஒவ்வொருவரும் தாம் சேகரித்த அட்டைகளிலிருந்து தாமே ஒரு கட்டினை அமைத்து, 20 உயிர்ப்புள்ளிகளுடன் களமிறங்குவர். இதனைச் சிறுவர் கேளிக்கை என ஒதுக்குவோரும் உளர். அரக்கர், தேவதையர் ஓவியங்களில் மயங்கி நிற்போரும் உளர். இவ்விரு சாராரும் கவனியாது விடுவது ஒன்றுண்டு. இவ்விளையாட்டின் உயிர்நிலை, அட்டைகளிற் பொறிக்கப்பட்ட சில சொற்கள் ஒன்றையொன்று சந்திக்கும் முறையிலேயே தங்கியுள்ளது.

போரிடும் உயிரி ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள் உள. ஒன்று தாக்குவலு, மற்றையது தாங்குவலு. தாக்குபவர் தம் உயிரிகளை ஏவ, எதிர்ப்பவர் தம் உயிரிகளுள் எது எதனைத் தடுப்பது எனத் தீர்மானிப்பார். தடுக்கப்படாத உயிரியின் அடி எதிராளியையே சாரும். எண்கள் மட்டுமே இருந்திருப்பின், பெரியது சிறியதை வெல்லும் என்பதற்கப்பால் போரில் அதிகம் நிகழ்ந்திராது. அந்நியதியைக் குலைப்பனவே ஆற்றற் சொற்கள்.

‘ரைபொயிட் ரட்ஸ்’ என்னும் எலிக்கூட்டத்தின் தாக்குவலு ஒன்று, தாங்குவலுவும் ஒன்றே. ஆயின் அதற்கு மரணத்தீண்டல் உண்டு. அது விளைக்கும் சேதம் எத்துணைச் சிறிதாயினும் தாக்குண்ட உயிரி மடியும். 1999 இல் வெளிவந்த ‘ரங்கர்’ என்னும் மந்திர அட்டை, தான் பற்றிய உயிரியின் தாக்குவலுவை இரண்டாற் கூட்டி, மிதித்தேகல் என்னும் ஆற்றலையும் நல்கும். மிதித்தேகும் உயிரி, தன்னைத் தடுத்ததற்குக் கொல்லப் போதுமான சேதத்தை ஒதுக்கியபின், எஞ்சியதை எதிராளிமீது செலுத்தலாம். இவ்விரண்டும் சேர்ந்தால் நிகழ்வது யாது? ஆறு தாங்குவலுக் கொண்ட ‘கொலோசல் ட்ரெட்மோ’ என்னும் பேருயிரி குறுக்கே நிற்பினும், அதனைக் கொல்ல ஒரு புள்ளியே போதுமாதலால், எஞ்சிய இரண்டும் எதிராளியைச் சேரும். எலிகளும் மடியும், ஆனால் ரங்கர் உரியவரின் கைக்கு மீளும்.

இங்கு கவனித்தற்குரியது, ஓர் அட்டை மற்றையதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை என்பதே. ‘கொல்லப் போதுமான சேதம்’ என்ற விதித்தொடரே இரண்டையும் பிணைக்கின்றது. அழியாமை பெற்ற உயிரி தடுத்தால் மரணத்தீண்டலால் அது மடியாது. எனினும் ஒரு புள்ளி ஒதுக்கினாற் போதும் என்ற கணக்கு மாறாது. விதியானது விளைவைப் பாராது சொல்லின் பொருளையே பின்பற்றுகின்றது என்பதற்கு இது தக்க சான்று.

இவ்வாற்றல்களுள் எதுவும் தனித்து முழுமை பெற்றதன்று. முதலடி உடைய உயிரி முன்னதாகவே தாக்குமாதலின், எலிகள் தீண்டுமுன்னரே மாயும். அதே முதலடி மரணத்தீண்டலுடன் ஓருடலில் வாய்ப்பின், எதிர்நிற்பது பெரும்பாலும் திருப்பியடிக்காமலே வீழும். ஒரு சொல்லின் மதிப்பை அதன் அயலிலுள்ள சொல்லே நிர்ணயிக்கின்றது.

1999 முதல் 2009 வரை நிலவிய விதிப்படி, சேதம் ஒதுக்கப்படுவதற்கும் அது நிகழ்வதற்குமிடையே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் ஒருவர் தம் உயிரியைப் பலியிட்டுப் பயன் பெறுவதோடு, அதன் அடியையும் எதிரிமேல் விழச் செய்யலாம். 2009 இல் அவ்விடைவெளி நீக்கப்பட்டது. நுட்பம் குன்றிற்று என வருந்துவோர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் பலியா, அடியா என ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நெருக்கடி அதனாற் பிறந்தது. ஒன்றை இழந்தே ஒன்றைப் பெறவேண்டும் என்ற நிலையிலேதான் விளையாடுபவரின் அறிவுக்கு வேலையுண்டு.

இவ்வளவையும் பாராட்டியபின் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் விமர்சன நேர்மையாகாது. 2009 இன் ‘பேன்ஸ்லேயர் ஏஞ்சல்’, ஐந்து தாக்குவலுவும் ஐந்து தாங்குவலுவும் கொண்டதோடு, பறத்தல், முதலடி, தான் விளைக்கும் சேதத்தின் அளவுக்கு உரியவரின் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டும் உயிர்ப்பிணைப்பு, இருவகை உயிரிகளிடமிருந்து காப்பு ஆகியவற்றையும் ஒருங்கே உடையது. 2019 இன் ‘குவெஸ்ரிங் பீஸ்ற்’, மரணத்தீண்டல் உட்பட மூன்று ஆற்றற் சொற்களையும் மேலும் மூன்று தனி விதிகளையும் சுமக்கின்றது. இங்கு சொற்கள் சேரவில்லை; குவிந்துள்ளன. விளையாடுபவர் தேடிக் கண்டு இணைக்கவேண்டியதை ஆக்கியோர் முன்கூட்டியே இணைத்துத் தந்துவிட்டனர்.

இவ்விரண்டும் மிக அரிய அட்டை வகையைச் சேர்ந்தவை என்பதும் தற்செயலன்று. உள்ளிருப்பது இன்னதென அறியாது முத்திரையிட்ட பொதிகளை வாங்குவோரிடையே, இத்தகைய வலிமை பணப்பையின் வலிமையாக மாறுகின்றது. மாறாக, எலிக்கூட்டம் எளிதிற் கிடைக்கும் பொது அட்டை. ரங்கரும் 1999 இல் அவ்வாறே வெளிவந்தது. பேருயிரிகளையும் ஒரு சிறு மந்திர அட்டையால் அழிக்கலாம் என்ற சமாதானம் கூறப்படுவதுண்டு. அது உண்மையே. எனினும் அழிக்க முடியும் என்பது வேறு, கற்பனைக்கு இடந்தரும் என்பது வேறு.

ஆகவே, இவ்விளையாட்டின் உயிரிகளை மதிப்பிடுகையில், ஓர் அட்டையில் எத்தனை ஆற்றல்கள் உள என்பதிலும், அவை பிற அட்டைகளுக்கு எவ்வளவு இடம் விட்டு நிற்கின்றன என்பதே பொருத்தமான அளவுகோலாகும். அவ்வளவுகோலின்படி, தேவதையினும் எலியே சிறந்த ஆக்கம் எனலாம்.