வடகடலில் இந்தியாவின் முகம்

ஒரு காலத்தில் பரமக்குடி வழியாகப் போன போட் மெயில் ரயில், தனுஷ்கோடியில் பயணிகளைக் கப்பலில் ஏற்றித் தலைமன்னாருக்கு அனுப்பியது. வியாபாரத்துக்கும் உறவுக்கும் போய்வந்த அந்தச் சனங்களே இரு கரைக்கும் தூதுவர்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடிப் பாதையை அழித்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் எட்மண்ட் கல்லியன் ‘பொது ராஜதந்திரம்’ என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்: அயல்நாட்டு அரசோடு நின்றுவிடாமல் அதன் மக்களின் மனத்தையும் பெறும் முயற்சி. இந்திய வெளியுறவு அமைச்சகம் 2006இல் இதற்கெனத் தனிப்பிரிவே தொடங்கியது.

இலங்கையின் வடக்கில் இந்தியா செய்தது கொஞ்சமல்ல. 2010இல் யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம், போரில் வீடிழந்தோருக்குப் பல்லாயிரம் வீடுகள், 2023இல் பண்பாட்டு மையம். கூரை கிடைத்த குடும்பம் அதை மறக்காது.

ஆனால் அந்த வீட்டு மீனவர் இந்தியாவை அன்றாடம் பார்ப்பது கடலில். அவர் விரித்த வலையை நம் விசைப்படகின் இழுவைமடி இரவோடிரவாக அறுத்துக்கொண்டு போகிறது. மறுநாள் அடுப்பு எரிவதே கேள்வியாகிவிட்ட வீட்டில் பண்பாட்டு மையம் எதைச் சொல்லி நல்லெண்ணம் வளர்க்கும்?

இதற்கு விடை தேடியவர்கள் மீனவர்களே. 2010 ஆகஸ்டில் வடக்கு மீனவர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். 2014 ஜனவரியில் சென்னை, மே மாதம் கொழும்பு, 2015 மார்ச்சில் மறுபடி சென்னை என்று இரு தரப்பும் உட்கார்ந்தன. தன்னைப் புகழாமல் எதிரில் இருப்பவரின் இழப்பைக் காதால் கேட்ட இந்தப் பேச்சுதான், என் பார்வையில், பொது ராஜதந்திரத்தின் மிக உயர்ந்த வடிவம். வடக்கு மீனவர்கள் இழுவைமடியை நிறுத்தச் சொன்னார்கள். நம்மவர்கள் அவகாசம் கேட்டார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. கடன்பட்டுப் படகு வாங்கியவர் ஒரே நாளில் தொழிலை மாற்ற முடியாது.

பேசியவர்களிடம் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ளவர்களிடம் அவசரம் இல்லை. பேச்சு அங்கேதான் தேங்கியது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. அதே ஆண்டு இந்தியா ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது படகுக்கு 80 லட்சம் ரூபாய். அதில் 70 சதவீதம் மானியம். மீதிக்குக் கடனும் கைப்பணமும் வேண்டியிருந்தது. இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் தங்கவும் வேண்டியிருந்தது. பலர் தயங்கியதில் வியப்பில்லை. கூலிக்கு மடி இழுப்பவரையோ இந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவே இல்லை.

அறுந்த வடக்கு வலைகளுக்கு இந்தியா ஈடு தரட்டும். இங்கே கூலியாட்களுக்கும் மாற்றுத்தொழில் நிதி ஒதுக்கட்டும். அடுத்த பேச்சுக்கு இந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.