தோற்பவனுக்கும் ஒரு ராஜ்ஜியம்

மாயலோக அனிமேவில் முக்கோணக் காதலின் காலம் முடிந்துவிட்டது, முடிந்ததே நல்லது என்ற பேச்சு இப்போது பரவலாகக் கேட்கிறது. ஒரு பெண்ணுக்காக இரண்டு அழகர்கள் மோதிக்கொள்வதும், ஒருவன் கண் கலங்கி விலகுவதும் பழைய காலத்துக் கொடுமையாம். இப்போதைய நாயகி யாரையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, அதனால் அவள் சுதந்திரமானவளாம். இதற்குச் சான்றாகக் காட்டப்படுவது 2020-இல் வந்த ‘மை நெக்ஸ்ட் லைஃப் ஆஸ் எ வில்லனஸ்’. அதில் நாயகி கத்தரினாவைச் சுற்றி இளவரசர்களும் வளர்ப்புத் தம்பியும் தோழிகளும் காதலோடு நிற்கிறார்கள். அவளுக்கோ எதுவும் புரிவதில்லை. அவள் தோட்டம் கொத்திக்கொண்டிருக்கிறாள். யாரும் தோற்பதில்லை.

இனிமையான தொடர்தான். ஆனால் அதை வளர்ச்சியின் உச்சம் என்பது இந்த வகைமையின் அறுபதாண்டு உழைப்பை மறப்பதாகும். அழகான போட்டிக் காதலன் வெறும் முகமாக இருந்ததில்லை. நாயகி வாழ்ந்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கையை அவன் கையில் ஏந்தி நின்றான்.

தொடக்கத்தை வேகமாகக் கடந்துவிடலாம். ஒசாமு தெசுகா 1953-இல் தொடங்கிய ‘ரிப்பன் நோ கிஷி’யில் ஆண் வேடமிட்ட இளவரசிக்கும் அவளுடைய இளவரசனுக்கும் குறுக்கே வலுவான போட்டி உருவாகவில்லை. ரியோகோ இகெதாவின் ‘ரோஸ் ஆஃப் வெர்சாய்ல்ஸ்’ 1972-இல் மாங்காவாக வந்து, 1979-இல் அனிமே ஆனபோதுதான் அடித்தளம் விழுந்தது. அதில் மாயம் இல்லை, பிரெஞ்சுப் புரட்சிதான் இருக்கிறது. ஆனாலும் ஆணாக வளர்க்கப்பட்ட நாயகி ஆஸ்கர், பிரபு ஃபெர்சனுக்காக ஒரே ஒரு முறை கவுன் அணிந்து நடனமாடுவதும், பிறகு பணியாளன் ஆந்த்ரேயை நோக்கித் திரும்புவதும் வெறும் காதல் மாற்றமல்ல. அரசவையை விட்டுத் தெருவில் நிற்கும் மக்கள் பக்கம் அவள் போகும் பாதையும் அதுவே. யாரைக் காதலிக்கிறாள் என்பது எந்த உலகில் வாழப்போகிறாள் என்ற கேள்வியாயிற்று.

இந்தக் கேள்வியை மாயலோகத்துக்குள் முழு வீச்சோடு கொண்டுபோனவை 1995, 96-இல் வந்த இரண்டு தொடர்கள். இவற்றைப் ‘பழசு’ என்று ஒதுக்குகிறவர்கள் மீண்டும் ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது யூ வதாசேயின் மாங்காவிலிருந்து 52 பகுதிகளாக வந்த ‘ஃபுஷிகி யூகி’. நூலகத்தில் கண்டெடுத்த புத்தகத்துக்குள் விழும் மியாகா, சுசாகு தெய்வத்தின் பூசாரிணியாகிறாள். அவளைக் காக்கும் ஏழு நட்சத்திர வீரர்களில் டமஹோமே அவள் மனதைப் பிடிக்கிறான். அதே எழுவரில் ஒருவனான ஹோட்டோஹோரி கோனான் நாட்டின் பேரரசன். அரண்மனைச் சுவர்களுக்குள் தனியாக வளர்ந்தவன். பூசாரிணி வருவாள் என்ற கதையைப் பற்றிக்கொண்டே இளமையைக் கடந்தவன். அவள் வந்ததும் அரியணையில் பாதியைக் கொடுக்கத் தயாராக நிற்கிறான். அவளோ காசுக்கு அலையும் நாட்டுப்புறத்து வீரனைத் தேர்கிறாள்.

தொடர் ஹோட்டோஹோரியின் அழகுப் பெருமையை அடிக்கடி நகைச்சுவையாக்கியது பெரிய வீண்செலவு. ஆனால் தோற்ற பிறகும் அவன் கதையை விட்டு நழுவுவதில்லை. தன் காதலுக்குக் குறுக்கே நின்றவனுக்குத் துணை நிற்கிறான், கடைசியில் நாட்டுக்காக எதிரி நாட்டுத் தளபதி நகாகோவின் கையில் மடிகிறான். மியாகா மறுத்தது ஓர் ஆணை மட்டுமல்ல, ஓர் அரசாட்சியை. அந்த மறுப்பின் விலையை ஹோட்டோஹோரி கடைசிவரை சுமக்கிறான் என்பதால்தான் அவளுடைய தேர்வுக்கு எடை கிடைக்கிறது.

இரண்டாவது தொடர் ‘விஷன் ஆஃப் எஸ்காஃப்ளோனே’. சன்ரைஸ் நிறுவனத்துக்காக கசுகி அகானே இயக்கிய 26 பகுதிகள். வகைமையின் சிகரம் இதுதான். தடகள வீராங்கனையான பள்ளி மாணவி ஹிட்டோமி, பூமியும் நிலவும் வானில் தெரியும் கயியா உலகுக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே இருவர். நாடு எரிந்துபோன இளம் அரசன் வான், முரடன், பேசத் தெரியாதவன். அஸ்டூரியாவின் வீரன் ஆலன் ஷெசார், பொன்முடியும் நிதானமும் மரியாதையும் கொண்டவன். பூமியில் ஹிட்டோமி ஏங்கிய மூத்த மாணவன் அமானோவின் அதே முகம் ஆலனுக்கு. குரல் கொடுத்தவரும் ஒருவரே, ஷினிச்சிரோ மிகி.

இதைத் தற்செயலான அலங்காரமாகப் பார்க்கக் கூடாது. ஹிட்டோமி ஆலனை விரும்பும்போது தன் பழைய ஏக்கத்தையே விரும்புகிறாள். ஆலனோ கடந்த காலத்தால் நிறைந்தவன். இறந்துபோன இளவரசி மர்லீனோடு அவனுக்கு உறவு இருந்தது. பிரெய்ட் நாட்டின் சிறுவன் சிட் அவர்களுக்குப் பிறந்தவன், ஆனால் தகப்பன் என்று ஆலனால் உரிமை கோர முடியாது. மர்லீனின் தங்கை மில்லெர்னா அவனை நேசிக்கிறாள். காணாமல் போன தங்கை செலீனாவின் நிழல் அவனைத் துரத்துகிறது. இத்தனை காயங்களும் அந்தப் பளபளப்பான தோற்றத்துக்குள் இருக்கின்றன. போட்டிக் காதலனுக்கு இவ்வளவு முழுமையான உள்வாழ்க்கையைக் கொடுத்த வேறு தொடரைச் சுட்டுவது கடினம்.

அதைவிடத் துணிச்சலானது எதிரியான ஸைபாக் பேரரசின் சதி. விதியைத் திருப்பும் இயந்திரத்தைக் கொண்டு ஹிட்டோமியையும் ஆலனையும் சேர்த்துவைக்கத் திட்டமிடுகிறார்கள், வானைத் தனிமைப்படுத்துவதற்காக. ‘அழகான ஆடவன் எதிரே வந்தால் பெண் மயங்குவாள்’ என்ற வகைமையின் எழுதப்படாத சட்டத்தையே இந்தத் தொடர் எதிரியின் ஆயுதமாக்கிவிட்டது. ஹிட்டோமி தன் மனதை அந்த இயந்திரத்தின் பிடியிலிருந்து மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது. யாரை விரும்புகிறோம் என்பதை ஒரு பெண் தானே கண்டடைவது பற்றி, தேர்வே இல்லாத இன்றைய தொடர்களைவிட இது எவ்வளவோ ஆழமாகப் பேசுகிறது.

பிறகு என்ன நடந்தது? வீடியோ விளையாட்டுகள் வந்தன. கோயி நிறுவனத்தின் பெண்கள் குழுவான ரூபி பார்ட்டி 1994-இல் வெளியிட்ட ‘ஏஞ்சலிக்’ ஒன்பது காவலர்களை நாயகியின் முன் நிறுத்தியது. 2000-இல் ‘ஹருகனாரு தோகி நோ நகா தே’ எட்டுப் பேரை நிறுத்தியது. விளையாட்டில் இது நியாயமான ஏற்பாடு. ஆடுபவள் ஒவ்வொருவருடைய பாதையிலும் தனித்தனியாகப் போய் வரலாம், ஒவ்வொன்றிலும் ஒரு முடிவு உண்டு. அதுவே அனிமேவாகும்போது பாதை ஒன்றுதான். எந்த ரசிகையின் மனமும் நோகக் கூடாது என்று அத்தியாயங்களைச் சமமாகப் பங்கு போட்டால், நாயகி எல்லோருக்கும் புன்னகைக்கும் பொம்மையாகிறாள். 2010-இல் வந்த ‘ஹகுவோகி’ இந்தப் பொறியிலிருந்து தப்பியது, ஏனெனில் அது ஷின்செங்குமி என்ற சாமுராய்ப் படையின் ஹிஜிகாதாவைத் தேர்ந்தெடுக்கத் துணிந்தது. அந்தப் படை வீரர்கள் ஒவ்வொருவராகச் சாயும்போது அந்தத் தேர்வு கனக்கிறது.

நல்ல வழி மாங்கா பக்கத்திலிருந்தே வந்தது. நட்சுகி தகாயாவின் ‘ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்’டை 2001-இல் எடுத்தபோது மாங்கா பாதியில் இருந்தது. போட்டிக் காதலன் யூகி அந்த 26 பகுதிகளில் பள்ளியின் அழகு இளவரசனாகவே நின்றுவிட்டான். 2019 முதல் 2021 வரை 63 பகுதிகளாக மறுபடி எடுத்தபோதுதான் அவன் முழுதாகத் தெரிந்தான். நாயகி தோருவிடம் தான் தேடியது காதலியை அல்ல, கிடைக்காமல் போன தாயை என்று அவன் உணரும் இடம், போட்டிக் காதலன் என்ற பாத்திரத்துக்கே புதிய வாசல்.

அந்த வாசல் வழியே அதிக தூரம் போனது மிசுஹோ குசனாகியின் ‘யோனா ஆஃப் தி டான்’. 2014–15-இல் 24 பகுதிகள். யோனாவின் பதினாறாவது பிறந்த நாளில், அவள் நேசித்த சூ-வோன் அவள் தந்தையைக் கொன்று அரியணை ஏறுகிறான். காவலன் ஹாக் அவளைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறான். சூ-வோன் வெறும் கொடியவன் என்றால் கதை எளிது. அவன் நல்ல அரசன். பட்டினியில் வாடும் தீக்குல கிராமங்களில் நடக்கும்போது, தந்தையின் ஆட்சி யாரையெல்லாம் கைவிட்டது என்பதை யோனா தன் கண்ணால் பார்க்கிறாள். ஹாக்கின் கோபத்திலும் பொறாமையைவிட நண்பனை இழந்த வலியே பெரிது. அவா துறைமுகத்தில் சூ-வோன் தன் மேலங்கிக்குள் யோனாவை மறைக்கும்போது அவள் கை அவன் வாளை நோக்கிப் போகிறது, ஆனால் உருவவில்லை. அந்தத் தயக்கத்தில் பழைய காதலும் பழியுணர்வும் மட்டுமல்ல, நாட்டை யார் நன்றாக ஆள்வார் என்ற கேள்வியும் கலந்திருக்கிறது.

அனிமே தயாரிப்பாளர்கள் பின்பற்ற வேண்டியது இந்தத் திசையை. எட்டு அழகர்களை வரிசையாக நிறுத்துவதற்குச் செலவிடும் வரைகலைத் திறனை, ஆலனைப் போல, சூ-வோனைப் போல இரண்டே பேருக்குச் செலவிடட்டும். ஒவ்வொருவனுக்கும் ஒரு நாட்டையும், ஒரு கடனையும், நாயகியால் எளிதில் தள்ளிவிட முடியாத ஒரு நியாயத்தையும் கொடுக்கட்டும். அதன் பிறகு அவளைத் தேர்ந்தெடுக்க விடட்டும்.