பாலையும் முரம்பும்: நிலமிலாத் திணை என்னும் கொள்கை பற்றி ஓர் ஆய்வு

பாலைக்குத் தனிநிலம் இல்லை என்பது தமிழ் பயில்வோர் தொடக்கத்திலேயே கற்கும் கொள்கை. தொல்காப்பியர் நானிலம் வகுத்துப் பாலையை நடுவுநிலைத் திணையாகக் கொண்டமை இதற்கு அடிப்படை. முல்லையும் குறிஞ்சியும் கதிரவன் வெம்மையால் இயல்பு கெட்டுப் பாலை வடிவு கொள்ளும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கூறுவது இதற்கு விளக்கமாக வாய்த்தது. இக்கொள்கையை யாம் மறுக்கவில்லை. ஆயின், தனிநிலம் இல்லை என்பதனை நிலமே இல்லை எனக் கொண்டு, பாலைப்பாட்டின் கல்லையும் பரலையும் பிரிவுத் துயரின் உருவகங்கள் என்ற அளவில் விட்டுவிடும் திறனாய்வுப் போக்கு பெருகியுள்ளது. 1967-இல் ஏ. கே. இராமானுசன் குறுந்தொகைப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து, ‘அகநிலக் காட்சி’ எனப் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். அத்தலைப்பு சங்கப் பாடல்களுக்கு உலக அரங்கில் வாயில் திறந்தது. அதனையே முடிந்த முடிபாகக் கொண்டோர் புறநிலத்தைக் காணாது விட்டனர். இவ்விடுபாடு சிறிதன்று. அகநானூற்றின் நானூறு பாடல்களில் இருநூறு பாலைக்குரியவை. நிலத்தை விட்டுப் பாலையைப் படிப்போர் அந்நூலின் செம்பாதியை அரைகுறையாகவே படிக்கின்றனர்.

ஆகவே பாட்டினின்றே தொடங்குவோம். அகநானூற்றின் ஐந்தாம் பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோ இயற்றியது. பொருள்வயிற் பிரியக் கருதிய தலைவன் தன் நெஞ்சிற்குச் சொல்லும் இப்பாட்டில் வழியின் இயல்பு விரித்துரைக்கப்படுகிறது. ஓமை மரம் உலர்ந்து நிற்கிறது. பளிங்கு போன்ற நெல்லிக்காய்கள், சிறுவர் திரட்டி வைத்த வட்டுக்களைப் போலப் பெரும்பாறைமேல் உதிர்ந்து கிடக்கின்றன. வழியிலுள்ள கூர்ங்கற்கள் நடப்போரின் விரல்நுனியைச் சிதைக்கின்றன. பரல் நிறைந்த முரம்பாகக் காடு காட்சியளிக்கிறது. ஈண்டு மணற்பரப்பு இல்லை. பாறையும் பருக்கைக்கல்லும் அவற்றினிடையே வேரூன்றிக் காய்த்த மரமுமே உள்ளன.

இனி முல்லைப் பாட்டு ஒன்றை நோக்குவோம். குறுந்தொகையின் நானூறாம் பாட்டு பேயனார் இயற்றியது. வினைமுடித்து மீளும் தலைவன், முரம்பு பிளவுபடத் தேரைச் செலுத்திக் கரம்பை நிலத்தில் புதுவழி கண்ட பாகனின் அறிவைப் புகழ்கின்றான். பிரிந்து செல்வோன் கடக்கவேண்டிய முரம்பே, மீண்டு வருவோன் தேர்க்காலின் கீழும் கிடக்கிறது. திணை மாறியது, உரிப்பொருளும் மாறியது, நிலத்தைக் குறிக்கும் சொல் மாறவில்லை. பருக்கைக்கல் நிறைந்த மேட்டுநிலம் என்பதே முரம்பு என்னும் சொல்லின் பொருள். இருதிணைக்கும் பொதுவான இச்சொல்லே எம் ஆய்வின் திறவுகோல்.

முரம்பின் தன்மை யாது? உலக மண் வகைப்பாட்டில் ‘லெப்டோசால்’ என்பது ஒரு வகை. மெல்லியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்த பெயர். 25 செ.மீ. ஆழத்திற்குள் தொடர்பாறை தட்டும் மண்ணும், பருக்கைக்கல் மிகுந்து நுண்மண் மிகக் குறைந்த மண்ணும் இவ்வொரு வகையிலேயே அடங்கும். உலகில் ஏறத்தாழ 165 கோடி எக்டேர் பரந்துள்ள இம்மண்ணே மண்வகைகளுள் மிகப் பரந்தது. பெருங்கடுங்கோ ஒரே பாட்டில் அடுத்தடுத்துக் காட்டிய பாறையும் பரலும், இன்றைய அறிவியல் ஒருவகைப்படுத்திய இரண்டுமே ஆதல் நோக்கத்தக்கது. இம்மண்ணில் நீரைத் தேக்கிவைக்க இடமில்லை. மழை பெய்த சின்னாளில் புல் தழைக்கும். மழை நின்ற சின்னாளில் அது காயும்.

இதனைக் கண்முன் காணத் தூத்துக்குடி மாவட்டம் துணைபுரிகிறது. சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்த தனிநாயக அடிகளின் ஆங்கில நூல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வாயிலாக வெளிவந்தது. பின் 1966-இல் ‘நிலத்தோற்றமும் கவிதையும்’ எனப் பொருள்படும் பெயருடன் திருத்தமுற்று வந்தது. எனினும் இலக்கிய மாணவர்க்கு இம்மாவட்டம் கொற்கை முத்தாலும் துறையாலுமே அறிமுகம். நெய்தலாகவே அவர் இதனைக் காண்கின்றனர். கடற்கரையினின்று மேற்கே சென்றால் வல்லநாட்டுக் குன்று உள்ளது. வடமேற்கே கோவில்பட்டியை அடுத்துக் குருமலை உள்ளது. முட்புதரும் உடைமரமும் கல்லும் கலந்த வறண்ட குன்றுகள் இவை. இவற்றைச் சூழ்ந்த தாழ்நிலத்தில், சிறப்பாகக் கோவில்பட்டி, விளாத்திகுளம் பகுதிகளில், ஆழ்ந்த கரிசல் பரந்துள்ளது.

இம்மாவட்டத்திற்குப் பெரும்பங்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிப் பெய்கிறது. கரிசல் அந்நீரை உள்வாங்கித் தேக்கிப் பருத்தியையும் சோளத்தையும் மழை நின்றபின்னும் வளர்க்கிறது. அதே மழையைப் பெற்ற முரம்பு விரைந்து வறள்கிறது. மழை ஒன்று, வெயிலும் ஒன்று, விளைவு வேறு. ஆகவே திரிதலுக்கு வெம்மை மட்டும் காரணம் அன்று. மண்ணின் ஆழமின்மையும் காரணமாம். இளங்கோவடிகள் வெம்மையைக் கூறினாரேனும், திரியும் நிலங்களாக முல்லையையும் குறிஞ்சியையும் மட்டுமே கூறினார். சங்கப் புலவர் வன்புலம் என வழங்கியவை இவ்விரண்டுமே.

இவ்வழிச் செல்லின் பிறிதோர் ஐயமும் தெளியும். பாலைக்கு வேனிலொடு பின்பனியையும் உரித்தாக்கினார் தொல்காப்பியர். மாசி, பங்குனி ஆகிய பின்பனித் திங்கள்களில் முதுவேனிலின் கடுமை இல்லை. வெம்மையே பாலையைப் படைக்கும் எனின் பனிக்கு ஈண்டு இடம் யாது? முரம்பினை நோக்கினால் விடை கிடைக்கிறது. கோடை முதிரும் முன்னரே அம்மண்ணின் ஈரம் அற்றுவிடுகிறது. கரிசற்காட்டில் விளைச்சல் நிற்கும் மாசியிலேயே குன்றில் பாலை தொடங்கிவிடும். வழிச்செலவுக்கு ஏற்ற காலம் ஆதலின் பின்பனி கூறப்பட்டது என்பாரும் உளராகலாம். அவ்விளக்கத்தை யாம் விலக்கவில்லை. இரண்டும் ஒருங்கே பொருந்தும்.

ஈண்டுத் தடை ஒன்று எழும். பெருங்கடுங்கோ சேரமரபினர்; அவர் வல்லநாட்டைப் பாடினார் அல்லர்; திணை புலனெறி வழக்கேயன்றி நிலநூல் அன்று என்பர். உண்மையே. தொல்காப்பியர் கூறும் கார்காலமும் இக்கரையின் மழைக்காலமும் முற்றும் ஒவ்வா. இக்குன்றுகளை யாம் பாட்டின் களமாகக் கூறவில்லை. பாட்டு அறிந்த நிலவகைக்குச் சான்றாகவே காட்டுகின்றோம். புலனெறி வழக்கும் உலகியலைத் துணைக்கொண்டே நாடக வழக்காகும்.

முரம்பு ஒன்றே முல்லையும் பாலையும் ஆதலுக்கு உயிருள்ள சான்றும் வல்லநாட்டில் உண்டு. 1987-இல் அங்கு 16.41 சதுர கி.மீ. பரப்பு வெளிமான் காப்பிடமாக்கப்பட்டது. முறுக்குண்ட கொம்புடைய இரலையாகச் சங்கப் புலவர் முல்லையில் பாடிய மான் இதுவே. மாரியில் தளிர்த்த புல்லை மேயும் அம்மான் கோடையிலும் அக்குன்றை விட்டு நீங்குவதில்லை. நாம் இரு திணையாக எண்ணுவது அதற்கு ஒரே வாழிடம்.

இறுதியாக, ஐந்தாம் பாட்டிற்கே மீள்வோம். அக்காடு பயனற்றது என அங்குக் கூறப்படுகிறது. கூறுவது யார்? புலவர் அல்லர். பிரிவை அஞ்சிய தலைவி வாயால் உரையாது முகத்தால் உணர்த்தியதாகத் தலைவன் கொள்ளும் கருத்தின் பகுதியாகவே அது வருகிறது. அவள் அச்சத்திற்கு அது பயனற்றது. புலவர் கண்ணுக்கோ அதன் பாறைமேல் நெல்லிக்கனி கிடக்கிறது. இவ்வேறுபாட்டைக் காணாத படிப்பு தலைவியின் துயரை நிலத்தின் இலக்கணமாக்கிவிடும். நிலக்கணக்கிலும் அத்தகைய பிழை நேர்கிறது. 2000-இல் வெளிவந்த இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுதியில் பாறைநிலமும் புதர்நிலமும் தரிசின் வகைகளாகவே இடம்பெற்றன. தரிசு என்று எழுதப்பட்ட நிலம் காப்பாரற்றுப் போதல் எளிது. பாலையைப் பயிற்றும் ஆசிரியர் முரம்பு என்னும் சொல்லுக்கு ‘மேட்டுநிலம்’ என்று பொருள் கூறி அமையாமல், அதன் மண்ணையும் மாரியையும் மானையும் மாணவர்க்குக் காட்டுதல் கடன். பாலைக்குத் தனிநிலம் இல்லை. முல்லையொடு பகிர்ந்துகொள்ளும் நிலம் உண்டு.