வெடித்த டேஷ்போர்டுக்கு மேலுறை

தறியோசை கேட்கும் பொதட்டூர்பேட்டைப் பக்கம் நிழலின்றி நிற்கும் பழைய கான்டெஸா காரின் டேஷ்போர்டை வெயில் சும்மா விடாது. வினைலை இளக்கமாக வைத்திருக்கும் சேர்மம் சூட்டில் மெல்ல வெளியேற, மேல்தோல் இறுகிச் சுருங்கி வெடிக்கும். பிளவுக்குள் நுரை தெரியும்.

அதற்கு மேலுறை போடும் குஷன்காரரின் கைகளைப் பார்க்க வேண்டும். பிளவின் தூக்கி நிற்கும் விளிம்பைச் சீவுகிறார். பள்ளத்தை நிரப்பி, உப்புத்தாளால் தேய்க்கிறார். சரசரப்பு அடங்கி வழவழப்பு வரும்வரை விடுவதில்லை. பசையை டேஷ்போர்டிலும் ரெக்சினிலும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காத்திருக்கிறார். பாதி வேலை அந்தப் பொறுமைதான்! பிறகு ரெக்சினை நடுவில் பதித்து, சூடான காற்றால் இளக்கி, கட்டைவிரலால் ஓரம் நோக்கி நீவுகிறார். மீட்டர் வளைவில் ஒரு சுருக்கமும் விழாமல் இழுப்பது தனி வித்தை. தடவிப் பார்த்தால் பழைய பிளவு லேசாகத் தட்டுப்படலாம், கண்ணுக்குத் தெரியாது.