'அந்தப் பெண்' என்னும் சேய்மைச் சுட்டு

1998 ஜனவரி 26 அன்று அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் வெள்ளை மாளிகையில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய குழந்தைப் பராமரிப்பு பற்றிப் பேசினார். மனைவி ஹிலாரி அருகில் இருந்தார். பேச்சின் முடிவில் விரலை நீட்டியபடி அவர் சொன்ன வாக்கியம் உலகம் முழுக்கப் போனது. "அந்தப் பெண்ணுடன், மிஸ் லெவின்ஸ்கியுடன், நான் பாலுறவு கொள்ளவில்லை." யாரையும் பொய் சொல்லச் சொன்னதில்லை என்றார், அமெரிக்க மக்களுக்கான வேலைக்குத் திரும்பவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: இது உண்மையா, பொய்யா? ஏழு மாதத்தில் அதற்கு விடை கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் 17 இரவு தொலைக்காட்சியில் அவரே தோன்றி, தகாத உறவு இருந்தது என்று ஒப்புக்கொண்டார். செய்தியாக அந்த விவகாரம் முடிந்துபோனது. ஒரு பிரதியாக அது எனக்கு இன்னும் முடியவில்லை. தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள் என்பதால், பொய்யைவிடப் பொய் கட்டப்பட்டிருக்கும் விதம் என்னை அதிகம் ஈர்க்கிறது. அதிகாரத்தில் இருக்கும் ஆணின் மறுப்பு ஏறக்குறைய எல்லா மொழிகளிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. அதை வாசிக்கப் பழகுவது பெண்களுக்கு ஒரு தற்காப்பு.

முதலில் சுட்டு. அகரம் சேய்மைச் சுட்டு, இகரம் அண்மைச் சுட்டு என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். 'அந்தப் பெண்' என்ற சொல்லில் தூரம் இருக்கிறது. உண்மையில் எவ்வளவு தூரம்? மோனிகா லெவின்ஸ்கி 1995இல் 21 வயதில் வெள்ளை மாளிகைக்குப் பயிற்சியாளராக வந்தவர். அந்த நவம்பரில் உறவு தொடங்கியபோது கிளின்டனுக்கு வயது 49. வால்ட் விட்மனின் 'புல்லின் இதழ்கள்' தொகுப்பை அவருக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். கடைசியாக 1997 டிசம்பர் 28 அன்று சந்தித்து, மேலும் சில பரிசுகள் கொடுத்திருக்கிறார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, கவிதைப் புத்தகம் பெற்றுக்கொண்டவர் 'அந்தப் பெண்' ஆகிவிட்டார். நம் அகக்கவிதையிலும் பெயர் சொல்வதில்லை. ஆனால் அங்கே தலைவனுக்கும் பெயரில்லை, தலைவிக்கும் பெயரில்லை. அந்த மறைப்பு இருவருக்கும் பொது. இங்கே ஒருவர் ஜனாதிபதியாகவே நிற்கிறார். தூரத்துக்குத் தள்ளப்படுபவர் மற்றவர் மட்டும்.

இரண்டாவது, காலம். ஜனவரி 21இல் விவகாரம் வெடித்த அன்றே பொதுத் தொலைக்காட்சியில் ஜிம் லேரருக்கு அளித்த பேட்டியில் 'தகாத உறவு இல்லை' என்று கிளின்டன் நிகழ்காலத்தில் பதில் சொன்னார். ஆங்கிலம் அறிந்த செய்தியாளர்கள் சிலர் அந்த நிகழ்காலத்தை அன்றே பிடித்துக்கொண்டார்கள்: இப்போது இல்லை என்றால், முன்பு? ஆகஸ்டில் பெருநடுவர் குழு முன் சாட்சியம் அளித்தபோது அவருடைய வழக்கறிஞர் முன்பு சொல்லியிருந்த இதேபோன்ற வாக்கியத்தைப் பற்றிக் கேட்டார்கள். 'இஸ்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பொறுத்தது அது என்று பதில் வந்தது. உலகம் சிரித்தது.

இந்த வாக்கியத்தைத் தமிழாக்கச் சொன்னால் மாணவிகள் திணறிவிடுவார்கள். தமிழில் அந்த இடத்தில் சொல்லே கிடையாது. 'உறவு இல்லை' என்பதில் உள்ள 'இல்லை' குறிப்பு வினைமுற்று; காலத்தை வெளிப்படையாகக் காட்டாது. நேற்றைக்கும் இன்றைக்கும் சேர்த்துத்தான் 'இல்லை' என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். கிளின்டன் ஒளிந்துகொண்ட சந்து நம் மொழியில் அடைபட்டிருக்கிறது என்று மகிழ வேண்டாம். நம் மொழியில் வேறு சந்துகள் உண்டு. 'அப்படி எதுவும் என் கவனத்துக்கு வரவில்லை', 'சொல்லப்படுகிறது', 'திரித்துக் கூறப்பட்டுள்ளது' என்று எழுவாயை ஒளித்துவைக்க நமக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமானது. பாலா ஜோன்ஸ் தொடுத்த பாலியல் துன்புறுத்தல் வழக்கில் 1998 ஜனவரி 17 அன்று சத்தியப் பிரமாணத்தின் மீது கிளின்டன் வாக்குமூலம் தந்தார். 'பாலுறவு' என்றால் என்ன என்று அங்கே ஒரு வரையறை எழுதிக் கொடுக்கப்பட்டது: இன்னின்ன உறுப்புகளைத் தூண்டும் நோக்கத்துடன் ஒருவர் தொடுவது. அந்த வரையறையின்படி தான் செய்தது எதுவும் பாலுறவில் சேராது என்பது அவர் பின்னர் தந்த விளக்கம். அந்த வாசிப்பின் முடிவு விசித்திரமானது. அவள் அவருடன் உறவுகொண்டாள். அவர் அவளுடன் உறவுகொள்ளவில்லை.

மூன்றாம் வேற்றுமைக்கு உடனிகழ்ச்சி என்றொரு பொருள் உண்டு. 'தந்தையொடு மகன் வந்தான்' என்றால் வருகை இருவருக்கும் உரியது. 'அவளோடு' என்று சொன்னபிறகு செயலைப் பாதியாக அறுத்து ஒருத்தியின் தலையில் மட்டும் வைக்க முடியாது. கிளின்டனும் அவருடைய வழக்கறிஞர்களும் செய்தது அந்த 'ஓடு'வை உடைக்கும் வேலை. இதை வெறும் வழக்கறிஞர் தந்திரம் என்று ஒதுக்க முடியவில்லை. பெண்ணைச் செயலின் ஒரே கருத்தாவாக்கி, ஆணைத் தனக்கு ஏதோ நேர்ந்துவிட்ட ஒருவனாக்குவது நாம் நன்றாக அறிந்த பழைய வாக்கியம். 'அவளாத்தான் வந்தா' என்று தெருவில் சொல்வதைத்தான் அவர் சட்டமொழியில் சொன்னார்.

மறுப்பை ஒருவர் தனியாகச் சொல்வதில்லை, அதைப் பலர் சுமக்கிறார்கள். இந்த மறுப்பைச் சுமந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். ஜனவரி 7 அன்று லெவின்ஸ்கியே உறவு எதுவும் இல்லை என்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தார். ஜனவரி 16 அன்று விசாரணை அதிகாரிகள் அவரை ஓர் ஓட்டல் அறையில் பல மணி நேரம் இருத்திவைத்து, 27 ஆண்டுகள் வரை சிறை கிடைக்கலாம் என்றார்கள். அந்த மறுப்பு காப்பாற்ற முயன்றது ஜனாதிபதியை. சிறை மிரட்டல் வந்தது 24 வயதுப் பெண்ணுக்கு. ஜனவரி 23 அன்று அமைச்சரவைக் கூட்டம் முடிந்து வெளியே வந்த மேடலின் ஆல்பிரைட், டோனா ஷலாலா இருவரும் ஆண் சகாக்களுடன் நின்று ஜனாதிபதியை நம்புவதாகச் சொன்னார்கள். 27 அன்று ஹிலாரி தொலைக்காட்சியில் இது வலதுசாரிகளின் பெரும் சதி என்றார். நாட்டின் முதல் பெண் வெளியுறவுச் செயலர், ஒரு பெண் சுகாதாரச் செயலர், மனைவி, காதலி என ஒரு ஆணின் சொல்லுக்கு நான்கு பெண்கள் ஜாமீன் நின்றார்கள்.

நம் மருதத் திணையில் இதே ஏற்பாடு இருக்கிறது. பரத்தையிடமிருந்து திரும்பிய தலைவன் வீட்டு வாசலில் நின்று மறுப்பான். கலித்தொகையின் மருதப் பாடல்களில் காடைப் போர் பார்க்கப் போனேன், குதிரை ஏறப் போனேன், யானையைப் பார்த்தேன் என்றெல்லாம் காரணம் சொல்கிறான். தலைவி அவன் மேனியில் உள்ள குறிகளைக் காட்டி அவன் சொற்களையே திருப்பி அடிக்கிறாள். அவள் ஐயப்படுவதில் மிகவும் தேர்ந்தவள். ஆனால் அந்த ஐயத்துக்கு எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது. அது ஊடலாகி, வாயில்கள் வந்து பேசி, கடைசியில் பெரும்பாலும் கதவு திறக்கிறது. தலைவியின் கோபச்சொல்லில் பாதி பரத்தையின் மீது விழுகிறது. ஆணின் பொய்யை ஐயப்படும் உரிமை பெண்ணுக்கு உண்டு. அந்த ஐயம் அவனுடைய இடத்தை அசைக்காதவரை. 1998இன் வாஷிங்டனை வாசிக்க இது எனக்கு உதவியது.

கடினமான பகுதி இனிதான். 1991இல் கிளாரன்ஸ் தாமஸ் மீது அனிதா ஹில் குற்றம் சாட்டியபோது பெண்ணியவாதிகள் அவர் பக்கம் நின்றார்கள். 1998இல் பலர் தயங்கினார்கள். கிளின்டன் 1993இல் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டவர்; ரூத் பேடர் கின்ஸ்பர்கை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவர்; கருக்கலைப்பு உரிமையின் பக்கம் நின்றவர். மார்ச் 1998இல் குளோரியா ஸ்டைனம் நியூயார்க் டைம்ஸில் எழுதிய கட்டுரையின் சாரம்: குற்றச்சாட்டுகள் உண்மையே ஆனாலும், பெண் வேண்டாம் என்றபோது அவர் நிறுத்திக்கொண்டார், வேண்டும் என்ற இடத்தில் அது சம்மதம், இது துன்புறுத்தல் ஆகாது. சம்மதம் என்ற சொல்லைக் காப்பாற்றும் அக்கறை அந்த வாதத்தில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மேலதிகாரிக்கும் பயிற்சியாளருக்கும் இடையே அந்தச் சொல் எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்வியை அது கேட்காமல் விட்டது.

அதைவிட மோசமானது, பாலா ஜோன்ஸ் நடத்தப்பட்ட விதம். அவர் ஆர்கன்சாவில் மாநில அரசின் சாதாரண ஊழியர். டிரெய்லர் வீடுகள் இருக்கும் இடத்தில் நூறு டாலர் நோட்டை இழுத்துக்கொண்டு போனால் என்னவெல்லாம் அகப்படும் என்று கிளின்டனின் தேர்தல் ஆலோசகர் ஜேம்ஸ் கார்வில் கேலி செய்தார். படித்த, நடுத்தர வர்க்கப் பெண்களும் இந்தக் கேலிக்குச் சிரித்தார்கள். ஒரு பெண்ணின் சொல்லை அவள் வீட்டின் கூரையைப் பார்த்து எடைபோட்டார்கள். அவர் மறுத்தபோது அது ஜனாதிபதியின் மறுப்பு. அவள் குற்றம் சாட்டியபோது அது காசுக்கான கதை. 1998 நவம்பரில் அந்த வழக்கு 8,50,000 டாலருக்குச் சமரசமானது, மன்னிப்பு இல்லை. செனட் கிளின்டனை விடுவித்தது 1999 பிப்ரவரி 12இல். 12 நாள் கழித்து, 1978இல் அவர் தன்னை வன்புணர்ந்தார் என்று ஹுவானிட்டா பிராட்ரிக் என்பிசி தொலைக்காட்சியில் சொன்னார். கிளின்டன் தன் வழக்கறிஞர் வழியாக அதை மறுத்தார். வழக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு மறுப்பு பொய்யாகிவிட்டதால் அடுத்த குற்றச்சாட்டு தானாக நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் அதைக் காது கொடுத்துக் கேட்கும் கடமை கூடுகிறது. அந்த நேரத்தில் நாடு களைத்துப்போயிருந்தது. களைப்பு எப்போதும் கடைசியாகப் பேச வரும் பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

ஐயப்பட்டவர்கள் எல்லோரும் பெண்களுக்காக ஐயப்பட்டார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. சிறப்பு வழக்கறிஞர் கென்னத் ஸ்டாரின் அறிக்கை 1998 செப்டம்பர் 11 அன்று வெளியானபோது அந்த இளம்பெண்ணின் உடல் பக்கம் பக்கமாக உலகின் முன் விரிக்கப்பட்டது. பதவி நீக்கத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கிய கட்சியின் தலைவர்களில் நியூட் கிங்ரிச் அதே காலத்தில் தனக்கும் மணத்துக்கு வெளியே உறவு இருந்ததை 2007இல் ஒப்புக்கொண்டார். கிளின்டனின் மறுப்பும் ஸ்டாரின் ஐயமும் ஒரே பெண்ணின் மீது நடந்துபோயின. ஆகவே பெண்ணிய வாசிப்பின் ஐயம் வழக்கறிஞரின் ஐயத்திலிருந்து விலகி நிற்கவேண்டும். அவர் கேட்டது: நடந்ததா, எத்தனை முறை, எங்கே? நாம் கேட்க வேண்டியது: இந்த வாக்கியம் யாரைக் காக்கிறது, யாரைத் தூரத்துக்குத் தள்ளுகிறது, அதன் விலையை யார் கட்டுகிறார்கள்?

விலையைக் கணக்குப் பார்க்கலாம். 1999 ஏப்ரலில் நீதிபதி சூசன் வெப்பர் ரைட், ஒரு காலத்தில் சட்டக் கல்லூரியில் கிளின்டனின் மாணவி, பொய்யான பதில்கள் தந்ததற்காக அவரை நீதிமன்ற அவமதிப்புக்குக் குற்றவாளி ஆக்கினார். 2001 ஜனவரி 19இல், பதவியின் கடைசி முழுநாளில், தன் பதில்களில் சில பொய்யானவை என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டார். 25,000 டாலர் அபராதம், ஐந்தாண்டு வழக்கறிஞர் உரிமம் ரத்து. இடையில் 2000 மார்ச்சில் இந்தியா வந்தார். நாடாளுமன்றத்தில் அவர் கையைக் குலுக்க உறுப்பினர்கள் முண்டியடித்தார்கள். ராஜஸ்தானின் நாய்லா கிராமத்தில் பெண்கள் பூத்தூவி ஆடினார்கள். அதே ஆண்டுகளில், நான் படித்த கல்லூரி வளாகத்தில்கூட 'மோனிகா' என்பது கேலிச்சொல். 'கிளின்டன்' கேலிச்சொல் ஆகவில்லை. லெவின்ஸ்கி லண்டனில் சமூக உளவியலில் முதுகலை முடித்தும், அந்தப் பெயராலேயே வேலை கிடைக்காமல் அலைந்ததைப் பின்னர் எழுதினார்.

2014இல் வேனிட்டி ஃபேர் இதழில் அவர் எழுதிய கட்டுரை, உறவு இருவர் சம்மதத்தோடு நடந்தது என்பதில் உறுதியாக இருந்தது. 2018இல், மீ டூ இயக்கத்துக்குப் பிறகு, அதே இதழில் அந்தச் சொல்லை மறுபடியும் கையிலெடுத்தார். அவ்வளவு அதிகார வேறுபாட்டில் சம்மதம் என்றால் என்ன என்று இப்போதுதான் யோசிக்கத் தொடங்கியிருப்பதாக எழுதினார். சம்மதித்தேன் என்பதை அழிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கேள்வியை வைத்தார். அதே ஆண்டு ஜூனில், லெவின்ஸ்கியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டீர்களா என்று தொலைக்காட்சியில் கேட்டபோது கிளின்டன் எரிச்சலடைந்தார்; பொதுவில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன் என்றார்.

இந்த இரண்டு பதில்களையும் அடுத்தடுத்து வைத்து வாசிக்கும்படி என் மாணவிகளிடம் சொல்வதுண்டு. ஒருவர் இருபது ஆண்டுகளாகத் தன் வாக்கியத்தைக் காவல் காக்கிறார். 'அந்தப் பெண்' எனப்பட்டவர் தன் சொல்லைத் தானே ஐயப்பட்டு, திறந்து பார்த்து, மீண்டும் எழுதுகிறார்.